டாஸ் திரையின் நிறங்கள்: ஆன்சி.சிஸ் போதுமா, பாலெட்டையே மாற்ற வேண்டுமா?

வரிக்கோடு எழுதியது:

வணக்கம். 486 கணினி ஒன்றை மீண்டும் ஓட வைத்திருக்கிறேன். விஜிஏ வகை வீடியோ அட்டை, 14 அங்குலப் பழைய டியூப் மானிட்டர், எம்எஸ்-டாஸ் 6.22 இயங்குதளம். விளையாடுவதற்காக அல்ல, எழுதுவதற்காக. இணையமோ அறிவிப்புகளோ குறுக்கே வராத இயந்திரத்தில் உட்கார்ந்தால் எழுத்து ஓடுகிறது.

சிக்கல் நிறத்தில்தான். கருப்பில் சாம்பல் எழுத்து ஒரு மணி நேரத்தில் கண்ணை அயர்த்துகிறது. பளிச்சென்ற வெள்ளைக்கு மாற்றினால் எழுத்தின் ஓரங்கள் கசிந்து தெரிகின்றன. எனக்கு வேண்டியது அடர்நீலப் பின்புலமும் சற்று மஞ்சள் கலந்த வெளிர் எழுத்தும். கட்டளை வரி, எடிட்டர், கோப்பு மேலாளர் எல்லாவற்றிலும் அதுவே இருக்க வேண்டும்.

ப்ராம்ப்ட் கட்டளையில் நிறக் குறிகளைச் சேர்த்தேன். கட்டளை வரி நீலமானது. ஆனால் எந்த நிரலைத் திறந்து மூடினாலும் திரை பாதி கருப்பும் பாதி நீலமுமாகத் திட்டுத் திட்டாக நிற்கிறது. எடிட்டரோ இதைக் கண்டுகொள்ளவே இல்லை. திரை முழுவதற்கும் ஒரே இடத்தில் நிறத்தை அமைக்க வழி இருக்கிறதா?

---

எட்டாம்பிட் எழுதியது:

வழி இருக்கிறது. முதலில் நிறம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்தால் திட்டுகள் ஏன் வருகின்றன என்பதும் விளங்கிவிடும்.

எழுத்துத் திரையில் வரிக்கு 80 எழுத்து, 25 வரி, ஆக 2000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் வீடியோ நினைவகத்தில் இரண்டு பைட்டுகள் உண்டு. முதல் பைட் எந்த எழுத்து என்பதைச் சொல்லும், அடுத்தது அதன் நிறத்தை. வண்ணத் திரைகளில் இந்த 4000 பைட்டுகளும் பி8000 என்ற முகவரியில் தொடங்குகின்றன. 1981-இல் ஐபிஎம் பிசியுடன் வந்த சிஜிஏ அட்டையில் வகுத்த அமைப்பு இது. உங்கள் விஜிஏவும் அதையே பின்பற்றுகிறது.

நிற பைட்டின் கீழ் நான்கு பிட்டுகள் எழுத்தின் நிறம், 0 முதல் 15 வரை. அடுத்த மூன்று பிட்டுகள் பின்புலம், 0 முதல் 7 வரை. மிஞ்சிய ஒரு பிட் எழுத்தைச் சிமிட்ட வைக்கிறது.

ஆக, "திரையின் நிறம்" என்று பொதுவாக ஒன்று கிடையாது. 2000 கட்டங்களுக்கும் தனித்தனி நிறம். உங்கள் ப்ராம்ப்டில் உள்ள நிறக் குறிகளைப் படிப்பது டாஸுடன் வரும் ஆன்சி.சிஸ் என்ற துணைநிரல். அது செய்வதெல்லாம், இனி டாஸ் வழியாக வரும் எழுத்துகளுக்கு எந்த நிற பைட்டைப் போட வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வதுதான். ஏற்கெனவே திரையில் இருக்கும் கட்டங்களை அது தொடாது. உங்கள் எடிட்டர் போன்ற நிரல்கள் வேகத்துக்காக டாஸைக் கேட்காமல் நேரே வீடியோ நினைவகத்தில் எழுதுகின்றன. ஆன்சி.சிஸ் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது.

கட்டளை வரிக்கு மட்டுமானால் இது போதும். கான்ஃபிக்.சிஸ் கோப்பில்:

டிவைஸ்=சி:\டாஸ்\ஆன்சி.சிஸ்

ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில்:

ப்ராம்ப்ட் $ஈ[0;37;44எம்$பி$ஜி

கட்டளைகளை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன், விசைப்பலகையில் அந்தந்த ஆங்கில எழுத்தை அடியுங்கள். எம் மட்டும் சிறிய எழுத்தாகவே இருக்க வேண்டும், பெரிய எழுத்தாக இருந்தால் ஆன்சி.சிஸ் அதை நிறக் கட்டளையாக ஏற்காது. நிரலிலிருந்து வெளியே வந்ததும் சிஎல்எஸ் கொடுங்கள். திரை முழுவதும் நடப்பு நிறத்தால் நிரம்பி, திட்டுகள் மறைந்துவிடும்.

---

பச்சைத்திரை எழுதியது:

எட்டாம்பிட் சொன்னதோடு ஒன்று. பெரும்பாலான நிரல்கள் தமக்கென நிற அமைப்பு வைத்திருக்கின்றன. வேறு வழியில் இறங்கும் முன் அதைப் பார்ப்பது நல்லது. டாஸுடன் வரும் எடிட் நிரலில் ஆப்ஷன்ஸ் மெனுவில் டிஸ்ப்ளே என்று இருக்கும். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் அங்கேயே நிறம் தேர்ந்துகொள்ளலாம். 5-ஆம், 6-ஆம் டாஸ் பதிப்புகளில் அந்தத் தேர்வு க்யூபேசிக்.ஐஎன்ஐ கோப்பில் பதிவாகும், ஏனென்றால் அந்த எடிட் உண்மையில் க்யூபேசிக்கின் எடிட்டர்தான். டாஸ்ஷெல்லில் ஆயத்த நிறத் தொகுப்புகளே உண்டு. வேர்ட்பெர்ஃபெக்ட் 5.1-இல் ஷிஃப்ட்-எஃப்1 அழுத்தி டிஸ்ப்ளே பகுதிக்குப் போனால் ஒவ்வொரு வகை எழுத்துக்கும் தனி நிறம் வைக்கலாம்.

கண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், நிறத்தை அழகுக்காக மட்டும் தேர்ந்துவிட்டுப் பிறகு தலைவலியோடு எழுந்து போகிறவர்கள் அதிகம். பின்புலமாக நீலம் இருக்கலாம், எழுத்தாக வேண்டாம். நம் விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் நடுப்புள்ளியில் நீலத்தை உணரும் செல்கள் இல்லவே இல்லை. கருப்பில் அடர்நீல எழுத்தைப் படிக்கக் கண் திணறுவது அதனால்தான். நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து இன்னும் மோசம். இரண்டு நிறங்களும் கண்ணுக்குள் ஒரே இடத்தில் குவிவதில்லை, எழுத்து மிதப்பதுபோல் தோன்றும்.

ஐபிஎம்மின் 5151 பச்சைத் திரையில் நாள் முழுக்க வேலை செய்ய முடிந்ததற்கு நிறம் மட்டும் காரணம் அல்ல. அதன் திரையில் ஒளிரும் பூச்சான பாஸ்பரின் ஒளி மெதுவாக அணையும், அதனால் நொடிக்கு 50 தடவை மட்டுமே புதுப்பித்தும் திரை துடிக்காமல் நின்றது.

---

வரிக்கோடு எழுதியது:

இருவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகங்கள். நிறப் பட்டியலில் நீலம் 1 என்று இருக்கிறது. ஆன்சியில் 44 போட்டால்தான் நீலம் வருகிறது, 41 போட்டால் சிவப்பு. ஏன் இந்த முரண்? இன்னொன்று, வெளிர்நிறப் பின்புலம் கிடைக்கிறதா என்று 5-ஐச் சேர்த்துப் பார்த்தேன், எழுத்து சிமிட்டத் தொடங்கிவிட்டது.

---

எட்டாம்பிட் எழுதியது:

இரண்டும் வெவ்வேறு இடத்தில் பிறந்த எண்கள். வீடியோ அட்டையில் நீலத்தின் மதிப்பு 1, பச்சை 2, சிவப்பு 4. ஆன்சி தரத்தில் சிவப்பு 1, பச்சை 2, நீலம் 4. பச்சை இரண்டிலும் நடுவில் நிற்கிறது, சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கின்றன. அதனால் கருப்பு, பச்சை, மெஜந்தா, சாம்பல் நான்கும் இரண்டிலும் ஒரே எண்ணில் வரும், மற்றவை மாறும். ஆன்சியில் 30-ஐக் கூட்டினால் எழுத்து, 40-ஐக் கூட்டினால் பின்புலம்.

சிமிட்டலுக்கு வருவோம். பின்புலத்துக்கு மூன்று பிட்டுகள்தான் என்றேன் அல்லவா? அந்தச் சிமிட்டும் பிட்டைப் பின்புலத்தின் நான்காவது பிட்டாக எடுத்துக்கொள் என்று அட்டையிடம் சொல்லிவிட்டால் பின்புலத்துக்கும் 16 நிறங்கள் கிடைக்கும். இஜிஏ, விஜிஏ அட்டைகளில் இதற்குப் பயாஸ் (வன்பொருளிலேயே பதிந்து வரும் அடிப்படை நிரல்) அழைப்பே இருக்கிறது. கீழே உள்ள பத்து பைட்டுகள் ஒரு முழு நிரல்:

பி8 03 10 பிபி 00 00 சிடி 10 சிடி 20

டாஸுடன் வரும் டீபக் என்ற கருவியைத் திறந்து ஈ 100 என்று அடித்து இந்த எண்களைத் தொடர்ந்து கொடுங்கள். 'என்' என்ற ஆங்கில எழுத்துக் கட்டளையால் கோப்புக்கு .காம் என்று முடியும் பெயர் வையுங்கள். ஆர் சிஎக்ஸ் என்று அடித்தால் நீளம் கேட்கும், ஏ என்று கொடுங்கள், பதினாறை அடிப்படையாகக் கொண்ட பதின்அறும எண்ணில் அது பத்து. பிறகு டபிள்யூ, க்யூ. இதை ஓட்டிய பின் ஆன்சியின் 5 சிமிட்டாது, பின்புலத்தை வெளிர்நிறமாக்கும்.

---

நிறத்தட்டு எழுதியது:

இதுவரை சொன்னவை சரி. ஆனால் வரிக்கோடு கேட்டதற்கு இவை விடை அல்ல என்று நினைக்கிறேன். எல்லா நிரலிலும் ஒரே அமைதியான நிறம் வேண்டும் என்கிறார். நிரல் நிரலாகப் போய் அமைப்பை மாற்றினாலும், அவர் கேட்கும் மஞ்சள் கலந்த வெளிர் எழுத்து எந்த மெனுவிலும் கிடைக்காது, அந்தப் பதினாறு நிறங்களில் அது இல்லை.

தொட வேண்டியது அடுத்த அடுக்கை. நிற பைட்டில் இருப்பது நிறம் அல்ல, நிறத்தின் எண். ஒன்று என்றால் எந்த நீலம் என்பதை விஜிஏ அட்டையில் இருக்கும் அட்டவணை, அதாவது பாலெட், முடிவு செய்கிறது. 1987-இல் விஜிஏ வந்தபோது ஒவ்வொரு நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகளால் குறிக்க முடிந்தது, ஒவ்வொன்றும் 0 முதல் 63 வரை. மொத்தம் 2,62,144 நிறங்கள். வழக்கமான நீலம் 0, 0, 42. வழக்கமான சாம்பல் 42, 42, 42. இந்த இரண்டு வரிகளை மாற்றிவிட்டால் வீடியோ நினைவகத்தில் நேரே எழுதும் நிரலும் தப்ப முடியாது. அது 1 என்று எழுதும், திரையில் வருவது நீங்கள் சொன்ன நீலம்.

இதற்குத் தனி மென்பொருள் வேண்டாம். கீழே உள்ளதை ஒரு கோப்பில் அடித்து நிறம்.டிஎக்ஸ்டி என்று வையுங்கள்:

ஓ 3சி8 1
ஓ 3சி9 4
ஓ 3சி9 6
ஓ 3சி9 12
ஓ 3சி8 7
ஓ 3சி9 3சி
ஓ 3சி9 38
ஓ 3சி9 2சி
க்யூ

பிறகு கட்டளை வரியில் டீபக் < நிறம்.டிஎக்ஸ்டி. முதல் வரி அட்டவணையின் எந்த இடம் என்று சொல்கிறது, அடுத்த மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் அளவுகள். டீபக் எல்லா எண்ணையும் பதின்அறுமமாகவே படிக்கும், அங்கே 12 என்றால் நமக்கு 18. கடைசி க்யூவுக்குப் பின் என்டர் அடிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் டீபக் வெளியே வராமல் அப்படியே நின்றுவிடும்.

அடித்த நொடியில் திரையில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துகளும் நிறம் மாறும். சிஎல்எஸ் கூடத் தேவையில்லை.

---

மூலவண்ணம் எழுதியது:

நிறத்தட்டு சொல்வது தொழில்நுட்பமாகச் சரி, ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்தப் பதினாறு நிறங்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆறாம் எண்ணைப் பாருங்கள். கணக்குப்படி அது அழுக்கான அடர்மஞ்சளாக வந்திருக்க வேண்டும். ஐபிஎம் தன் 5153 மானிட்டருக்குள் அந்த ஒரு எண்ணுக்காகவே தனிச் சுற்று வைத்துப் பச்சையைக் குறைத்து அதைப் பழுப்பாக்கியது. அவ்வளவு அக்கறையோடு ஒருவர் செய்த வேலை அது. பின்னால் வந்த அட்டைகள் எல்லாம் அந்தப் பழுப்பைக் காப்பாற்றின.

எழுத்துகளைக் கொண்டே ஓவியம் வரைந்தவர்கள் இந்தப் பதினாறை நம்பித்தான் வரைந்தார்கள். நிரல் எழுதும் கருவியான டர்போ பாஸ்கலின் நீலத்தில் மஞ்சள் எழுத்து பார்த்தவருக்கு மறக்காது. பழைய இயந்திரத்தை மீட்டு வைத்துவிட்டு அதன் நிறங்களைக் கழுவிவிட்டால் மீட்டதற்கு என்ன பொருள்?

---

நிழல்வண்ணம் எழுதியது:

மூலவண்ணம் ஐயா, உங்கள் பற்றை மதிக்கிறேன். என் நிலையையும் கேளுங்கள். எனக்குச் சிவப்பை உணரும் திறன் பிறவியிலேயே குறைவு. கருப்புத் திரையில் வழக்கமான சிவப்பு எழுத்து உங்களுக்குச் சிவப்பு, எனக்கு ஏறத்தாழ இருட்டு. பிழைச் செய்தி எல்லாம் அந்தச் சிவப்பில்தான் வருகிறது. எச்சரிக்கை என்று நினைத்து ஒருவர் தேர்ந்த நிறம் எனக்கு அந்தச் செய்தியையே மறைக்கிறது. பழுப்பும் பச்சையும் அருகருகே வந்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

நான்காம் எண்ணை 63, 34, 12 ஆக்கினேன், பதின்அறுமத்தில் 3எஃப், 22, சி. சற்றே ஆரஞ்சு கலந்த வெளிச்சமான நிறம். அன்று முதல் பிழைச் செய்திகளைப் படிக்கிறேன். அதே நிரல்தான், ஒரு பைட்டைக்கூட நான் மாற்றவில்லை. நிரலை எழுதியவர் சிவப்பைத் தேர்ந்தது பயனர் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான். என் திரையில் அந்த எண்ணம் இப்போதுதான் நிறைவேறுகிறது.

ஒரு கேள்வி. அதே முறையில் 14-ஆம் எண்ணுக்கு வேறு அளவு கொடுத்துப் பார்த்தேன். திரையில் மஞ்சள் அசையவே இல்லை. 6-ஐ மாற்றினாலும் பழுப்பு அப்படியே இருக்கிறது. ஏன்?

---

நிறத்தட்டு எழுதியது:

நிழல்வண்ணம் கேட்டது முக்கியமான கேள்வி. இடையில் இன்னோர் அட்டவணை இருக்கிறது, 1984-இல் வந்த இஜிஏவின் மிச்சம். இஜிஏவில் 64 நிறங்கள் உண்டு, அவற்றில் ஒரு நேரத்தில் 16-ஐத் தேர்ந்துகொள்ளலாம். மானிட்டருக்கு ஆறு நிறக் கம்பிகள் போயின, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் வலுவான கம்பி ஒன்று, மெலிந்த கம்பி ஒன்று. வலுவானவற்றின் மதிப்பு நீலம் 1, பச்சை 2, சிவப்பு 4. மெலிந்தவை நீலம் 8, பச்சை 16, சிவப்பு 32.

பழுப்பு என்றால் வலுவான சிவப்பும் மெலிந்த பச்சையும், 4-உம் 16-உம் சேர்ந்து 20. வெளிச்சமான நிறங்களுக்கு மெலிந்த கம்பிகள் மூன்றும் எரியும், அதனால் அவை 56-இல் தொடங்குகின்றன. விஜிஏவும் பழைய நிரல்களுக்காக இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டது. எழுத்துத் திரையில் 0 முதல் 5 வரையும் 7-உம் அதே எண்ணில் இருக்கும். 6 போய்ச் சேருவது 20-இல். 8 முதல் 15 வரை போய்ச் சேருவது 56 முதல் 63 வரை.

ஆக, மஞ்சளை மாற்ற 62, டீபக்கில் 3ஈ. பழுப்புக்கு 20, டீபக்கில் 14. நீங்கள் மாற்றிய 14-ஆம், 6-ஆம் இடங்களை எழுத்துத் திரை பார்ப்பதே இல்லை.

மூலவண்ணத்துக்கு ஒரு சொல். அட்டவணையை மாற்றுவதால் நிரலோ ஓவியமோ கெடுவதில்லை. திரைமுறையைப் புதிதாக அமைத்ததும் பயாஸ் பழைய பதினாறையும் திரும்ப ஏற்றிவிடும். மோட் சிஓ80 என்று அடித்துவிட்டு ஓவியத்தைப் பாருங்கள், ஐபிஎம்மின் பழுப்பு அங்கேயே இருக்கும்.

---

மூலவண்ணம் எழுதியது:

நிழல்வண்ணம் சொன்ன கோணத்தை ஏற்கிறேன். படிக்க முடியாத சிவப்பைக் காப்பாற்றி யாருக்கும் பயன் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஏழாம் எண்ணை மாற்றினால் எழுத்து மட்டும் மாறாது. அதே எண்ணைப் பின்புலமாக வைத்திருக்கும் மெனுப் பட்டைகளும் மாறும். எடிட் நிரலின் மேல்பட்டை சாம்பல் அல்லவா? வரிக்கோடு இனி அதை வெண்ணெய் நிறத்தில்தான் பார்ப்பார். எனக்கு அது உறுத்தும். எட்டாம் எண்ணில் நிழல் போடும் நிரல்களில் நீலத்தை அடர்த்தியாக்கினால் நிழலும் பின்புலத்தை விட வெளிச்சமாகத் தெரியலாம். நிறங்களை ஒவ்வொன்றாக மாற்றாமல் பதினாறையும் ஒரு குடும்பமாக வைத்து மாற்றுங்கள்.

---

ஒற்றைநிறம் எழுதியது:

கருப்பு வெள்ளை விஜிஏ மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. அங்கே சாம்பல் அளவைக் கணக்கிடும்போது பச்சைக்கு 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்ற விகிதத்தில்தான் எடை கிடைக்கிறது. நீலப் பின்புலம் கருப்பிலிருந்து பிரிந்து தெரியாது, சிவப்பு எழுத்து மங்கும். இந்தத் திரையில் நிறம் தேர்வதென்றால் பச்சையின் அளவைத் தேர்வதுதான் பெரும்பகுதி. இதைவிடப் பழைய, ஒற்றை நிற எம்டிஏ அட்டையில் பாலெட் என்பதே கிடையாது. அங்கே நீல எழுத்தைக் கேட்டால் அடிக்கோடு இட்ட எழுத்துதான் வரும்.

---

வரிக்கோடு எழுதியது:

நிறத்தட்டின் கோப்பை ஓட்டினேன். டீபக் முடிந்து கட்டளை வரி திரும்புவதற்குள் திரையில் இருந்த எழுத்துகள் எல்லாம் ஒரே வீச்சில் நிறம் மாறின. எடிட்டர், கோப்பு மேலாளர் இரண்டும் அதே நீலத்தில் வருகின்றன. எழுத்தின் ஓரம் இப்போது கசியவில்லை. மூலவண்ணம் சொன்ன மெனுப் பட்டை உண்மைதான், எனக்கு அது உறுத்தவில்லை. அவர் சொன்னபடி எட்டையும் சற்று இறக்கினேன், 56-ஆம் இடத்துக்கு மூன்று அளவும் 10, அதாவது நம் கணக்கில் 16. உரையாடல் பெட்டியின் நிழல் மீண்டும் நிழலாகத் தெரிகிறது.

சில நிரல்களைத் திறந்தவுடன் மட்டும் பழைய நிறங்கள் வந்துவிடுகின்றன. அவை திரைமுறையைப் புதிதாக அமைக்கின்றன என்று புரிகிறது. அதற்கு என்ன செய்வது?

---

எட்டாம்பிட் எழுதியது:

இரண்டு வழிகள். எளியது, அந்த நிரல் முடிந்ததும் டீபக் வரி மறுபடி ஓடும்படி ஒரு பேட் கோப்பு (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுதுவது. ஆனால் நிரலுக்குள் இருக்கும்போது பழைய நிறம்தான்.

மற்றது, திரைமுறை மாறும்போது இயல்பு நிறங்களை ஏற்றாதே என்று விஜிஏ பயாஸிடமே சொல்வது. ஒன்பது பைட்டுகள்:

பி8 01 12 பி3 31 சிடி 10 சிடி 20

முன்பு போலவே டீபக்கில் எழுதி .காம் கோப்பாக வையுங்கள், நீளம் 9. நிறக் கோப்பை ஓட்டிய பிறகு இதை ஓட்டினால் திரைமுறை மாறினாலும் உங்கள் நிறங்கள் நிற்கும். பயாஸ் வழியாகப் போகாமல் அட்டவணையில் தானே எழுதும் நிரலை மட்டும் இது தடுக்காது.

வரைகலை விளையாட்டைத் தொடங்கும் முன் இதைக் கட்டாயம் திரும்பப் பெறுங்கள். 256 நிறத் திரைமுறைக்கு அந்த இடைநிலை அட்டவணை வேறு விதமாக இருக்க வேண்டும், அது ஏறாவிட்டால் படம் முழுக்க நிறம் பிசகும். திரும்பப் பெற இதே பைட்டுகளில் 01 இருக்கும் இடத்தில் 00 வைத்து இன்னொரு .காம் கோப்பு செய்துகொள்ளுங்கள். நான் விளையாட்டுக்கான பேட் கோப்பின் முதல் வரியிலேயே அதை வைத்துவிடுவேன், கடைசி இரண்டு வரிகளில் நிறக் கோப்பும் 01 உள்ள நிரலும்.